கூடில்லாத கிணற்றுப் படம்

நான் குருவிப் படம் எடுப்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கும் அவர்களில் பாதிப் பேரைப் பிடிக்காது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோயம்புத்தூரில் ஒரு மில்லில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தேன். செகண்ட் ஹேண்டில் ஒரு கேமராவும் நீளமான லென்ஸ் ஒன்றும் வாங்கியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே பஸ் ஏறித் தாராபுரம் பக்கத்தில் இருந்த எங்கள் தோட்டத்துக்குப் போய்விடுவேன். வாராவாரம் பெற்றவர்களைப் பார்க்கப் போகிற பையன் என்று மில்லில் எனக்கு நல்ல பெயர். நான் போனது கிணற்றைப் பார்க்க.

அது அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுக் கிணறு. பாறையை வெட்டி இறக்கிய பெரிய சதுரக் கிணறு. மோட்டாரும் பொது, ஒரு நாள் எங்கள் முறை, மறுநாள் அவர்கள் முறை. மேற்குக் கரையில் ஒரு வேலமரம் கிணற்றுக்குள் சாய்ந்து நின்றது. ஆடி பிறந்ததும் அதன் கிளைகளில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்ட ஆரம்பிக்கும். கிழக்குப் பக்கத்துக் கல்படியில் பத்துப் படி இறங்கி உட்கார்ந்தால் கூடுகள் கண்ணுக்கு நேராகத் தொங்கும். காலை வெயில் என் முதுகுக்குப் பின்னாலிருந்து நேராக அவற்றின் மேல் விழும். இப்படி ஓர் இடம் கிடைக்காதா என்று காடு காடாக அலைகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆண் குருவி பாதிக் கூடு கட்டிவிட்டு, இறக்கையை அடித்துக்கொண்டு பெட்டையைக் கூப்பிடும். பெட்டை வந்து உள்ளே தலையை விட்டுப் பார்க்கும். பிடிக்காவிட்டால் போயே போய்விடும். ஆண் அந்தக் கூட்டை அப்படியே விட்டுவிட்டு வேறொன்று கட்டும். பெட்டை தலையை உள்ளே விடுகிற அந்த ஒரு நொடிதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒரு ரோலில் முப்பத்தாறு படம். கழுவி வந்தால் முப்பதில் வெறும் வால் இருக்கும், மீதியில் வெறும் காற்று.

நான் படியில் உட்கார்ந்தால் போதும், பெரியப்பாவுக்கு மூக்கில் வேர்த்துவிடும். கரையில் வந்து நின்று கத்துவார்.

"ஏன்டா, கெணத்த அளந்து பிளான் போடறியா? உன்ற அப்பன் அனுப்புனானா?"

"இல்லீங் பெரீப்பா, குருவிங்க."

"குருவியாமா குருவி! என்ற சோளத்தத் திங்கற சனியனுக்கு ஃபோட்டோ ஒரு கேடு!"

சொல்லிவிட்டு ஒரு மண்ணாங்கட்டியைத் தூக்கித் தண்ணீரில் போடுவார். குருவிகள் எல்லாம் எழுந்து பறக்கும். அவை திரும்பி வரும்வரை நான் அசையாமல் உட்கார்ந்து மனத்துக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருப்பேன். வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டியிருக்கிறேன். இப்போது எழுத முடியாது.

அப்பா மண்ணாங்கட்டி போடமாட்டார். சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து வார்த்தையைப் போடுவார். "முப்பது வயசாகப் போவுது. பொண்ணூட்டுக்காரங்க வந்து பையன் என்ன பண்றான்னு கேட்டா, கெணத்துக்குள்ள குருவி பாக்கறானுங்கன்னு சொல்றதா?" என்பார். அவர் என் படம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. அம்மா பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது, எடுத்து உள்ள வெய்யி" என்பார்.

இப்படியிருக்கும்போது பெரியப்பா தனியாக ஒரு மோட்டார் வாங்கி வைத்தார். மேற்குச் சுவரை ஒட்டி, வேலமரத்துக்கு நேர் பின்னால், தனியாக ஒரு குழாயை இறக்கினார். எங்கள் முறை நாளிலும் அவருடைய மோட்டார் ஓடியது. எங்கள் மஞ்சள் வயல் காய்ந்தது. அப்பா கேட்டார், சண்டை வந்தது, இரண்டு வீட்டுப் பெண்களும் ரோட்டில் நின்று ஏசிக்கொண்டார்கள். கடைசியில் அப்பா கோர்ட்டுக்குப் போனார். அந்தக் குழாய் தாத்தா காலத்திலிருந்தே அங்கே இருக்கிறது, எல்லோரும் ஒப்புக்கொண்டு போட்டதுதான் என்று பெரியப்பா சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கிணற்றிலிருந்து ஏறி வந்ததும் அப்பா கட்டிலில் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.

"அந்தக் குருவி ஃபோட்டோவெல்லாம் கொண்டா பாக்கலாம்" என்றார்.

அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. எல்லாக் கவர்களையும் கொண்டு வந்து கட்டிலில் பரப்பினேன். எது ஆண், எது பெட்டை, எந்தப் படத்துக்கு எத்தனை மணி நேரம் காத்திருந்தேன் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒரு படத்தில் அவர் கை நின்றது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்தது. பாதிக் கூட்டுக்குள் பெட்டை தலையை விட்டுக்கொண்டிருக்கிறது. ஆண் இரண்டு இறக்கையையும் விரித்திருக்கிறது. நான் எடுத்ததிலேயே நல்ல படம். இவருக்கும் ரசனை இருக்கிறது என்று நினைத்தேன்.

"இதுல குழாயக் காணமே" என்றார் அப்பா.

அவர் பார்த்தது குருவிக்குப் பின்னால் இருந்த சுவரை. கவரைத் திருப்பி, ஸ்டூடியோக்காரர் எழுதியிருந்த தேதியை விரலால் தடவிப் பார்த்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. என் படம் ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது.

அதே இடத்திலிருந்து இப்போது குழாய் தெரிகிற மாதிரி இன்னொரு படம் வேண்டும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பேச்சே இல்லை என்றார் வக்கீல். அடுத்த வாரம் கேமராவோடு அதே பத்தாம் படியில் உட்கார்ந்தேன். குழாய் தெரியவில்லை. அந்த வருஷம் தாழ்ந்த கிளை ஒன்றில் பதினைந்து கூடுகளுக்கு மேல் தொங்கின. அத்தனையும் குழாயை மறைத்துக்கொண்டு. கூட்டுக்குள் குஞ்சுகள் விடாமல் கத்தின. தாய்க் குருவிகள் புழுவோடு வந்து வந்து போயின.

மேலே வந்து அப்பாவிடம் சொன்னேன். "கூடு மறைக்குதுங்கப்பா. குஞ்சு இருக்குது. ஒரு ரெண்டு வாரம் போனாப் பறந்துருமுங்க, அப்பறம் எடுத்துக்கலாம்."

"எந்தக் கெளையில?"

நான் அவரைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போய் விரலை நீட்டிக் காட்டினேன்.

"செரி உடு. வாய்தா வாங்கிக்கலாம்" என்றார்.

என்னைப் போல ஒரு மடையன் தாராபுரம் தாலுகாவில் இருந்திருக்க மாட்டான். மனுஷன் மாறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கோயம்புத்தூர் திரும்பினேன்.

அடுத்த ஞாயிறு போனபோது அந்தக் கிளை இல்லை. ரம்பத்தால் ஒழுங்காக அறுத்திருந்தார்கள். கூடுகள் தண்ணீரில் ஊறிப் பழுப்பாக மிதந்தன. கத்தல் எதுவும் இல்லை. பெரிய குருவிகள் மட்டும் வாயில் புழுவை வைத்துக்கொண்டு, கிளை இருந்த இடத்தில் வெறும் காற்றில் வந்து வந்து சிறகடித்து நின்றன. உட்கார ஒன்றும் இல்லாமல் திரும்பிப் போயின. மறுபடியும் வந்தன.

அப்பா கரையில் நின்றுகொண்டிருந்தார். "இப்பத் தெளிவாத் தெரியுது பாரு கண்ணு" என்றார். அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

"ஏனுங்கப்பா இப்படிப் பண்ணிப்போட்டீங்க? வாய்தா வாங்கறேன்னு சொன்னீங்கள்ல?"

"வக்கீல் முடியாதுன்னு போட்டாரு. குருவி இன்னொரு கூடு கட்டிக்கும். நா இன்னொரு கெணறு வெட்ட முடியுமா? வெரசா எடு, வெயில் ஏறுது."

அவரை வெறுத்தேன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது என்பதற்காக இன்னும் கொஞ்சம் வெறுத்தேன். கேமராவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். ஏறவில்லை. பத்தாம் படியில் இறங்கி உட்கார்ந்தேன்.

அப்போது எதிர்க்கரையில் பெரியப்பா வந்து நின்றார். கத்தப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் குனிந்து தண்ணீரில் மிதந்த கூடுகளைப் பார்த்தார். பிறகு என் தலைக்கு மேலாக, தம்பியைப் பார்த்து, "நாங்கூட அதுகளத் தொட்டதில்லடா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஆயுளில் நான் பெரியப்பாவை அதிகம் வெறுத்தது அந்த நிமிஷத்தில்தான். அதைச் சொல்ல அவருக்கு யோக்கியதை இருந்தது, எங்களுக்கு இல்லை.

கேஸ் தீர்ப்பு வரை போகவில்லை. அடுத்த வருஷம் ஈரோட்டில் ஒரு கல்யாணப் பந்தியில் உறவுக்காரர்கள் அண்ணனையும் தம்பியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பாயசம் வருவதற்குள் ராசி ஆகிவிட்டது. குழாய் இருந்துவிட்டுப் போகட்டும், எங்களுக்கு வாரத்தில் ஒரு முறை கூடுதல் என்று முடிவு. வக்கீல் இரண்டு படத்தையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். எந்தக் கோர்ட்டும் அவற்றைப் பார்க்கவே இல்லை. அந்த ஆடியில் நான் போய்ப் பார்த்தேன். வேலமரத்தில் ஒரு கூடுகூட இல்லை. சகோதரர்கள் இருவரும் கரையில் நின்று வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் படத்தைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் பாராட்டுகிறார்கள். இரண்டாவதை நான் யாருக்கும் காட்டியதில்லை. அதில் ஓர் ஈரச் சுவர் இருக்கிறது, ஒரு குழாய் இருக்கிறது, அவ்வளவுதான். அதை எடுக்க உட்கார்ந்தபோது கேமராவின் கண்ணாடிக்குள் கீழ் ஓரத்தில் மிதக்கும் கூடுகளும் தெரிந்தன. ஒன்றின் வாயிலிருந்து குஞ்சின் தலை வெளியே தொங்கியது. அப்பா என்னிடம் குழாய் தெரிய வேண்டும் என்று மட்டும்தான் சொல்லியிருந்தார். கூடுகள் படத்தில் விழாதபடி கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்கியது நான்தான்.