சோகைக்குள் ஒளிந்த செயலாளர்

எங்களை அடித்து நொறுக்கத்தான் வருகிறார்கள் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. போன மாதம் மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் கரும்பு டிராக்டருக்குப் பின்னால் அரைமணி நேரம் மாட்டிக்கொண்டேன். காய்ந்த கரும்புத் தோகையின், எங்கள் பேச்சில் சோகையின், வாசம் மூக்கில் ஏறியதும் உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பித்துவிட்டது. காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

எண்பத்தேழில் நான் கரும்பு வெட்டும் ஆட்களின் செங்கொடிச் சங்கத்துக்குச் செயலாளர். பெரிதாக நினைத்துவிட வேண்டாம். சங்கக் கொட்டகையைப் பெருக்குவதும் நான்தான். எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஊர்த்தெரு ஆள் ஒருவர், காலனி ஆள் ஒருவர் என்று ஜோடியாகத்தான் வயலில் இறங்க வேண்டும். ஒருவர் வெட்ட, மற்றவர் சோகை கழித்துக் கட்டுவார். தண்ணீர் ஒரே குடத்தில். அப்படிச் சேர்ந்து நின்றுதான் கூலியை உயர்த்தியிருந்தோம். பருவம் முடிந்தால் எல்லாருடைய கத்தியும் கொட்டகையிலிருந்த ஒரே பெட்டிக்கு வந்துவிடும். ஊர்த்தெரு முருகேசனும் காலனிச் சின்னத்தம்பியும் ஆறு பருவமாக ஒரே ஜோடி. முருகேசன் வெட்டிக்கொண்டே பாடுவார். “நிறுத்துய்யா, கரும்பு கசந்துடப் போவுது” என்பார் சின்னத்தம்பி.

அந்த வருஷம் ஊர்த்தெருச் சாதிக்காரர்களின் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் வந்தது. சங்கக் கூட்டத்தில் முருகேசன் எழுந்தார். “எம் புள்ள படிச்சிட்டு வூட்ல குந்திகினு கீறான். நம்ம கொடி ரோட்டுக்கு வருமா, வராதா?”

“அவுரு கேக்கறது நாயந்தான்” என்றார் சின்னத்தம்பி. “ஆனா ரோட்ட மறிக்கிற கூட்டம் எங்க தெருப்பக்கம் திரும்புனா யாருங்க வந்து நிப்பீங்க?”

இரண்டு பேருக்கும் நான் ஒரே பதிலைச் சொன்னேன். “மேலிடத்துக்குக் கடுதாசி போட்டிருக்கேன். பதில் வரட்டும். அதுவரைக்கும் கூலியப் பத்தி மட்டும் பேசுவோம்.” ரொம்ப சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டதாக நினைப்பு வேறு.

ரோட்டை மறிக்க ஓரத்துப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்த அன்று காலை, ஒரு கூட்டம் கொட்டகையை நோக்கி வந்தது. நான் உறுப்பினர் நோட்டை வேட்டிக்குள் செருகிக்கொண்டு, பின்பக்கம் கூரை வேயக் குவித்திருந்த சோகைக்குள் புகுந்துவிட்டேன். மேடையில் உயிரைக் கொடுப்பேன் என்று முழங்கிய வாய் இப்போது சோகையைக் கடித்துக்கொண்டிருந்தது. யாரோ சோகையை விலக்கினார்கள். முருகேசன்.

“இன்னா தோழரே, பெருச்சாளி மாதிரி பூந்துகினு கீறீங்க?”

“அடிக்காதீங்க...”

அவர் சிரிக்கவில்லை. “உங்கள அடிக்க யாருக்குங்க நேரம் கீது? என் கத்திய எடுத்துக் குடுங்க. எங்காளுங்களோடவே வெட்டுக்குப் போய்க்கறேன்.”

கூட வந்தவர்களும் ஆளுக்கொரு கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். ஒருவர்கூட என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன்.

மறுநாள் சின்னத்தம்பி வந்தார். “என்னுதயும் குடுங்க தோழரு.”

“நீங்களுமா?”

“கடுதாசிக்குப் பதில் வந்துச்சா?”

வரவில்லை. எடுத்துக் கொடுத்தேன்.

உடம்பு அரிப்பு அடங்கப் பத்து நாளாயிற்று. மேலிடத்துப் பதில் நாலு மாதம் கழித்து, தையில்தான் வந்தது. நிலைமையைக் கவனித்து வரும்படி எழுதியிருந்தார்கள். கவனிப்பதற்குக் கொட்டகையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

எங்களை யாரும் தொடவில்லை. அந்தப் பருவத்தில் ஊர்த்தெரு ஆட்களும் காலனி ஆட்களும் தனித்தனியாகப் போய்க் கூலி பேசினார்கள். கரும்பு வயல்காரர்கள் ஒருவரைக் காட்டி மற்றவருக்குக் கூலியைக் குறைத்தார்கள். முருகேசனும் சின்னத்தம்பியும் அதன்பிறகு ஒரே வயலில் இறங்கவே இல்லை.