இருவர் பெயரில் ஓர் ஈடு

உரும்பிராய் தெற்கைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட வல்லிபுரம் சிற்றம்பலம் ஆகிய நான், எழுபத்து மூன்று வயது நிரம்பியவனாகவும் நல்ல நினைவுடையவனாகவும் இருந்து எழுதிக்கொள்வது யாதெனில்: காணி உறுதிப் பத்திரம் எழுதும் தொழிலில் இருப்பவனுக்கு ஊரார் எல்லோருடைய குடும்ப விடயமும் தெரியும்; அவனுடையது ஊரார் எல்லோருக்கும் தெரியும்.

எட்டாம் வகுப்புடன் பள்ளியை விட்ட நான், பழைய உறுதிகளை வாசித்து வாசித்தே இத்தமிழைக் கற்று, ஒரு நொத்தாரிசு கந்தோரில் எழுதுவினைஞனாக இருந்தேன். என் மனைவி மகேஸ்வரியின் சீதனக் காணி நீர்வேலியில் உள்ளது. அதில் கல்வீடு கட்டவென 1983இல் இருவரும் கையொப்பமிட்டுக் கடன் வாங்கி, அதனை ஈடு வைத்தோம். வீட்டுக்குக் கூரை ஏறி இரண்டு வருடம் ஆவதற்குள் ஒரு வாக்குவாதம் முற்றி, நான் உரும்பிராயிலுள்ள தங்கை வீட்டுக்கு வந்துவிட்டேன். சீதன வீட்டிலிருந்து வெளியேற வேண்டியவன் ஆண்பிள்ளைதானே. எங்களிடையே எஞ்சியது அந்த ஈடு ஒன்றே. அது இருக்கும்வரை மகேஸ்வரியைக் காண எனக்கு ஒரு காரணம் இருந்தது. வீட்டை ஈடு வைத்து வருந்திய வாசகர்களே, ஈடு தீராதிருக்க வேண்டுமென்று நேர்த்தி வைத்த ஒருவனை நீங்கள் கண்டிருக்கமாட்டீர்கள்.

மாஸ்டரின் வாங்கு

ஈடு பிடித்தவர் கோப்பாயில் வசித்த ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்டர். வட்டியை நான் தனியே கொண்டு சென்றபோது, சாய்மனைக் கதிரையை விட்டு எழும்பாமலே திருப்பி அனுப்பினார். மறுவாரம் மகேஸ்வரி தனியே சென்றார். அவருக்கும் அதே மரியாதைதான். ஈற்றில் இருவரும் வெவ்வேறு சைக்கிளில், வெவ்வேறு ஒழுங்கையால் வந்து, மாஸ்டரின் விறாந்தையிலிருந்த ஒரே வாங்கின் இரு அந்தங்களிலும் அமர்ந்தோம். நடுவே ஒரு வாழைக்குலை வைக்கலாம். மகேஸ்வரி தலைக்கு வைத்திருந்த நல்லெண்ணெயின் வாசம் மாத்திரம் அந்த இடைவெளியைப் பொருட்படுத்தவில்லை.

மாஸ்டர் எங்களை மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்துச் சொன்னார்: “ரெண்டு பேராய் வந்து வாங்கினனியள், ரெண்டு பேராய் வந்து தாங்கோ. வருசத்துக்கு ஒருக்கால் எண்டாலும் உந்த வாங்கு பாரம் அறியட்டும்.”

எல்லை விபரம்

அதன்பின் ஒவ்வொரு தை மாதமும் சந்திப்பு. மார்கழியிலேயே என் வேட்டியைத் தோய்த்து மடித்து வைத்துவிடுவேன். சவர்க்காரம் அகப்படாத வருடத்தில் பனங்களி போட்டுத் தோய்த்தேன். வேட்டி வெளுத்தது, வாசம் போகவில்லை.

மற்றைய மாதங்களில் என் தவிப்பைத் தொழில்தான் ஆற்றியது. ஒருமுறை, நீர்வேலியில் மகேஸ்வரியின் காணிக்குப் பக்கத்துக் காணிக்காரரான தம்பையா நன்கொடை உறுதி எழுத வந்தார். எல்லைகளைக் கேட்டு எழுதினேன். வடக்கு ஒழுங்கை, கிழக்கு கோயிற் காணி, மேற்கு அவர் தமையன் காணி. தெற்கு வந்ததும் என் பேனை மெதுவாயிற்று. அந்தப் பக்க வேலி இம்முறை அடைத்தாயிற்றா, புதுக் கிடுகா, யார் நின்று அடைப்பித்தது, கிணற்றடி வாழை குலை போட்டதா, விளக்கு எத்தனை மணி வரை எரிகிறது என்று விசாரித்தேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாக மறுமொழி சொல்லிவந்த தம்பையா, விளக்கில் நிறுத்திவிட்டார்.

“அண்ணை, நீங்கள் எல்லையைக் கேக்கிறியளோ, ஆளைக் கேக்கிறியளோ?”

ஒரு சொல் சேர்ப்பதா

மாஸ்டர் கனடாவிலுள்ள மகனிடம் புறப்பட ஆயத்தமாகி, ஈட்டை முடித்துத் தரும்படி கேட்டார். மகேஸ்வரி, மிகுதிக் கடனுக்கான பணத்தைத் தன் தமையனிடம் பெற்று, காணியைத் தன் பெயரில் மாத்திரம் அவரிடமே புதிதாக ஈடு வைக்கத் தீர்மானித்தார். எங்கள் யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டப்படி, மனைவி தன் காணியை ஈடு வைப்பதற்கும் கணவனின் சம்மதக் கையொப்பம் வேண்டும். நான் கையொப்பமிட்டால் கடனிலிருந்து நீங்குவேன். தை மாதத்திலிருந்தும் நீங்குவேன்.

உறுதியின் வரைவை நானே எழுதினேன். அதில் அவரை ‘சிற்றம்பலத்தின் மனைவி மகேஸ்வரி’ என்று குறிப்பிட்டிருந்தேன். அதை வாசித்த நொத்தாரிசு ஐயா, “பிரிந்து வாழ்பவர் எண்டும் சேர்ப்பமோ?” என்று பொதுவாகக் கேட்டார். மகேஸ்வரிதான் மறுமொழி சொன்னார்.

“வட்டி கட்டாட்டில் காணிக் கந்தோருக்குச் சொல்லுங்கோ, ஐயா. மற்றக் கதை அவையளுக்கு என்னத்துக்கு?”

பழக்கதோஷம்

எங்கள் கந்தோரில் முடியும் உறுதிகளில் சாட்சியாகக் கையொப்பமிடுபவன் நான். அன்று மகேஸ்வரி கையொப்பமிட்டு, பேனையை என்னிடம் நீட்டினார். அவர் விரல் பட்ட சூடு அதில் இருந்தது. வாங்கிய கையோடு, பல வருடப் பழக்கத்தில், கணவனின் சம்மதத்துக்குரிய இடத்தை விட்டு, சாட்சிகளுக்குரிய இடத்தில் அழகாக என் பெயரை எழுதிவிட்டேன். உறுதி பழுதாயிற்று, மறு வியாழன் எல்லோரும் திரும்ப வரவேண்டியதாயிற்று. மகேஸ்வரியின் தமையன் பல்லை நெருமினார். மகேஸ்வரி சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அது கோபத்தை மறைப்பதற்கு அல்ல என்பது எனக்குத் தெரியும்.

தட்டெழுத்தாளர் செல்வராணி புதுத்தாளை இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டே கேட்டார்: “என்ன அண்ணை, உங்கடை குடும்பத்துக்கு நீங்களே சாட்சியோ?”

சம்மதம்

மறு வியாழன், ஐயா உறுதியை உரத்து வாசித்தார். “வீடு, கிணறு, வான்பயிர், செய்பயிர் அனைத்தும்...” அக்கிணற்றில் முதல் ஊறிய நீரை இருவரும் ஒரே செம்பில் குடித்தோம் என்பதற்கு உறுதியில் இடமில்லை. இம்முறை உரிய இடத்திலேயே கையொப்பமிட்டேன்.

வெளியே, வேப்பமரத்தடியில் மகேஸ்வரி சைக்கிளை எடுத்தார். “சரி, உமக்கு இனிக் கரைச்சல் இல்லை” என்றேன். அவர் ஒரு காலை மிதியில் வைத்தபடி என்னை நேராகப் பார்த்தார். வாங்கில் இருந்த காலத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

“ஈட்டைச் சாட்டி வந்தனியள். இனி என்னத்தைச் சாட்டி வாறியள் எண்டு பாப்பம்.”

ஊரார் சொல்லவேண்டியவற்றையெல்லாம் வாசகம் பிசகாமல் எழுதிக்கொடுத்த நான், அதற்கொரு மறுமொழியை மனத்துக்குள் வரைந்து திருத்தி முடிப்பதற்குள் அவருடைய சைக்கிள் சந்தி திரும்பிவிட, எங்கள் கூட்டு ஈடு சட்டப்படி தீர்ந்த நாள் 1991ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 29ஆம் திகதி, வியாழக்கிழமை.