புகை மணத்த இரண்டு மூட்டைகள்

"வைகாசி 27, செவ்வாய். பின்னேரம் எதிர்பாராத மழை. கொக்கோப் பாய்களைப் புழுங்கல் கொட்டிலுக்குள் இழுத்தோம். நெல்லும் நனையவில்லை."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. ஆண்டு எழுதியிருந்த அட்டையைக் கறையான் அரித்துவிட்டது. அறுபதுகளின் முற்பகுதி என்பதற்கு மேல் உறுதியாகச் சொல்ல முடியாது. வெளிநாட்டுச் சொக்கலேட் கடைகளில் அருகிப்போயிருந்த காலம் அது. வவுனியாவில் நெல் மில் வைத்திருந்த என் முதலாளி, மில்லின் பின்பக்கத்தில் சொக்கலேட் செய்யத் தொடங்கியிருந்தார். நான் அவரிடம் எழுதுவினைஞனாக இருந்தேன்.

கொக்கோக் கொட்டை மாத்தளைப் பக்கத்திலிருந்து லொறியில் வரும். அங்கே தோட்டங்களில் காய் களவு போவது வழக்கம் என்பதால், முதலாளி ஒரு விதி வைத்திருந்தார். ஒவ்வொரு மூட்டைக்குள்ளும் ஒரு கடதாசித் துண்டு இருக்க வேண்டும். யாருடைய தோட்டம், எப்போது பறித்தது, வாழையிலை மூடி எத்தனை நாள் புளிக்க வைத்தது, எத்தனை நாள் வெயிலில் போட்டது என்று அதில் எழுதியிருக்க வேண்டும். அதைப் பார்த்து நான் பெரிய புத்தகத்தில் பதிவேன்.

"ஆற்ற தோட்டம் எண்டு தெரியாமல் என்ர கிட்டங்கிக்குள்ள ஒரு கொட்டையும் வராது" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். கோடு போட்டுப் புத்தகத்தை உருவாக்கியவன் நான். அதனால் அந்தப் பெருமையில் எனக்கும் பங்கு இருந்தது.

துண்டுகளில் மிகத் திருத்தமாக எழுதி அனுப்புகிறவர் ஒரு பெண். முள்ளியவளையில் பிறந்து மாத்தளைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். கணவர் நோயாளி. கொக்கோவை விற்றுத்தான் வீடு நடந்தது.

அந்த வைகாசியில் வந்த அவருடைய இரண்டு மூட்டைகளும் பயணத்தில் ஈரம் பிடித்திருந்தன. வறுப்பதற்கு முன் இரண்டு நாள் வெயில் காட்ட, மில் முற்றத்தில் நெல்லுக்குப் பக்கத்தில் பாய் விரித்துக் கொட்டினோம். அங்கேதான் மழை வந்தது. மழை என்றால் எங்கள் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பாயின் நான்கு மூலையையும் பிடித்து, நெல் அவிக்கும் புழுங்கல் கொட்டிலுக்குள் இழுப்பது. உமி அடுப்பு எரிகிற இடம் என்பதால் அங்கே ஈரம் அண்டாது. நெல்லுக்கு உமிப்புகை ஒன்றும் செய்யாது. கொக்கோ புகையைக் குடிக்கும் என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. வானம் வெளிக்கவில்லை. மூன்று நாள் அங்கேயே கிடந்தது.

அடுத்த கிழமை முதலாளி புதுச் சொக்கலேட்டை வாயில் போட்டுவிட்டுத் துப்பினார்.

"என்னடாப்பா இது, சுட்ட கருவாடு மாதிரிக் கிடக்கு! ஆற்ற மூட்டை?"

புத்தகத்தை விரித்தேன். அந்தச் சொக்கலேட்டுக்கு வறுத்த மூட்டையின் வரிசை இலக்கத்தைப் பிடித்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணின் பெயரை வாசித்தேன். முதலாளிக்குக் கோபத்திலும் ஒரு சந்தோசம்.

"பாத்தியே, புத்தகம் ஆளைப் பிடிச்சுக் குடுக்குது! மழைக்கு அடுப்புக்கு மேல போட்டுக் காய வைச்சிருக்கிறா. வெயில் எண்டு துண்டில பொய் எழுதியிருக்கிறா."

கொட்டில் எனக்கு அப்போதே நினைவுக்கு வந்தது. புத்தகத்தில் தோட்டத்துக்குப் பத்தி இருந்தது, லொறிக்கு இருந்தது. மூட்டை எங்கள் கைக்கு வந்தபின் நடந்ததற்கு நான் பத்தி போட்டிருக்கவில்லை. வாய் திறந்திருந்தால் போதும். அவர் என் தோளில் தட்டிக்கொண்டிருந்தார். நான் திறக்கவில்லை. இனிக் கொட்டை வேண்டாம் என்ற கடிதத்தையும் அவர் சொல்லச் சொல்ல என் கையாலேயே எழுதினேன்.

பத்து நாளில் அந்தப் பெண் பஸ் ஏறி வந்துவிட்டார். சேலைத் தலைப்பில் முடிந்து வந்த கொட்டையை முதலாளியின் மேசையில் அவிழ்த்து வைத்தார்.

"மணந்து பாருங்கோ அண்ணை. அதே பறிப்புத்தான். குசினி அடுப்புப் பக்கமே கொண்டு போகேல்லை. பாயில, வெயிலில காயப்போட்டனான்."

"கையில கொண்டு வாறது நல்லாத்தான் இருக்கும், தங்கச்சி. மூட்டையிலதானே சங்கதி."

அந்தப் பெண் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீங்கள்தானே மூட்டை அவிட்டனீங்கள்? அப்ப புகை மணத்ததோ?"

மணக்கவில்லை. "நான் கவனிக்கேல்லை, அக்கா" என்றேன்.

அந்த நேரம் முற்றத்திலிருந்து உமிப்புகை உள்ளே அடித்தது. அவர் கண்ணைக் கசக்கினார். "இஞ்ச சரியான புகையாக் கிடக்கு" என்றார்.

"மில்லெண்டால் புகைதானே. சொக்கலேட் கடையெண்டு நினைச்சு வந்தனீரோ?" என்று முதலாளி சிரித்தார். எனக்கும் சிரிக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெண் போகும்போது மேசையில் வைத்த கொட்டையை எடுக்கவில்லை. மறுநாள் அதை இரும்புச் சட்டியில் வறுத்துக் கோதுடைத்து மென்றேன். புளிப்பும் கசப்பும் இருந்தன, புகை இல்லை. அதையும் நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. மழை பெய்த நாளையும் நெல் நனையாததையும் எழுதி வைத்த நாட்குறிப்பில், மென்று பார்த்த நாளில் "விசேடம் இல்லை" என்றுதான் இருக்கிறது.

அடுத்த வருடம் துணுக்காயில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டேன். முதலாளி காலமாகும்வரை அந்த இரண்டு மூட்டைகளுக்கும் நேரே "புகை. உலர்த்தியவர் பிழை" என்று என் கையெழுத்தே நின்றது. திருத்த வேண்டுமென்று இரண்டு தடவை வவுனியாவுக்குப் போனேன். இரண்டு தடவையும் தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அந்தப் பெண் கொக்கோ மரங்களை அடியோடு தறித்துவிட்டார் என்று பிறகு ஒரு லொறிச் சாரதி சொன்னார். எங்களாலா, வேறு காரணத்தாலா என்று சாரதிக்குத் தெரியவில்லை. அவர் சொன்னது அதே தோட்டந்தானா என்பதையும் இன்றுவரை நான் உறுதிப்படுத்தவில்லை.