இரண்டாவது மிளகுக்கொடி

என் தங்கையின் வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள் வளர்வதாக அவளுடைய புகுந்த வீட்டார் சில நாள் நம்பினார்கள். தொண்ணூறுகளின் கடைசி அது. மலையடிவாரத்து ஊரில் புதிதாகத் திறந்திருந்த ஸ்கேன் சென்டரில், மருத்துவர் திரையைத் திருப்பிக் காட்டியிருந்தார்: அடுத்தடுத்து இரண்டு கருவட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு வெள்ளைப் பொட்டு. மலைமேல் ஊர்த்தொகுதிகளை நாடு என்பார்கள்; அரியூர் நாட்டிலிருந்த அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மருமகள் உண்டானால், வரப்போகும் பிள்ளையின் பேருக்கு ஒரு மிளகுக்கொடி நட்டு மரத்தில் ஏற்றிவிடுவார்கள். இம்முறை மாமியார் இரண்டு கொடி நட்டார். வருவோர் போவோருக்கெல்லாம் இரண்டாவது கொடியைத்தான் முதலில் காட்டினார்.

பிறகு ஒருநாள் லேசாக உதிரம் பட்டது. மறுபடி அதே மருத்துவர், அதே இயந்திரம். நானும் உடன் போயிருந்தேன். திரையில் ஒன்றுதான் இருந்தது.

“ஏனுங்க டாக்டரு, இன்னொண்ணு எங்கீங்க?” என்றார் மாமியார்.

“கரைஞ்சு போச்சும்மா. உங்க மலை ரோட்டுல குலுங்கி வந்தா என்ன தங்கும்?” மருத்துவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

“ரோடு என்னங்க பண்ணும்? கெழங்கு மூட்டையத் தூக்காதடின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேட்டாளா?”

மூட்டையை அவள் தலையில் ஏற்றிவிட்டதே மாமியார்தான். தங்கையின் கணவர், சுவரிலிருந்த கொழுகொழுக் குழந்தையின் படத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். வாய் திறக்காமலிருப்பதையே நற்குணமாகப் பழகியவர் அவர். அன்றே தங்கையை எடப்புளி நாட்டிலுள்ள எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். “எம் பேரனக் கரைச்சவ எங்க ஊட்டுப் படியேற வேண்டாம்” என்பது மாமியாரின் தீர்ப்பு.

அந்த வாரமே அவளைச் சேலத்துக்கு அழைத்துப்போனேன். அங்கிருந்த பெண் மருத்துவர், நாங்கள் கொண்டுபோன முதல் ஸ்கேன் படத்தைப் பார்த்ததுமே, “ரெண்டும் ஒரே அளவு, ஒரே சாய்வு. சந்தேகமா இருக்கே” என்றார். கருவியைத் தங்கையின் அடிவயிற்றில் நட்டநடுவே வைத்தார். திரையில் இரண்டு வட்டங்கள். தங்கை என் கையைப் பற்றிக்கொண்டாள். கருவியை ஓரமாக நகர்த்திச் சாய்த்தார். ஒன்று.

“நடுவயித்துச் சதை லென்ஸ் மாதிரி ஒலியை வளைச்சு விட்டுடும்மா. வளைஞ்சது மெஷினுக்குத் தெரியாது. நேரா வந்ததாவே நெனச்சு ஒண்ணை ரெண்டாக் காட்டிடும். நாமதான் தள்ளிப் பிடிச்சுச் சரி பார்க்கணும். இருந்தது எப்பவுமே ஒண்ணுதான் கண்ணு. நீ எதையும் தொலைக்கலை.”

தங்கை அழவில்லை. “இன்னொருக்கா காட்டுங்க” என்றாள். அவர் பொறுமையாக மறுபடி காட்டினார்.

மாமியார் நம்பக்கூடிய வாய் அடிவாரத்து மருத்துவருடையது மட்டுமே. அவர் மேசையில் சேலத்துப் படங்களை வைத்தேன். பார்த்தார். புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது.

“புள்ள நல்லாத்தானே இருக்கு? அப்புறம் எதுக்கும்மா இதெல்லாம்?”

“படம் தப்புன்னு அவ மாமியார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்.”

“சொன்னா நாளைக்கு எவன் இங்க ஸ்கேனுக்கு வருவான்?”

வளைந்து வந்ததை நேரானதென்று நம்பிய இயந்திரத்தை என்னால் மன்னிக்க முடிந்தது, அதற்குத் தெரியாது. இவருடைய தலைக்கு மேலே பட்டங்கள் சட்டமிட்டுத் தொங்கின. கறை படியாத தன் பேருக்காக என் தங்கை கொலைகாரியாகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

மகள் பிறந்த பிறகு, ஊர்ப்பேச்சுக்கு அஞ்சி அழைத்துக்கொண்டார்கள். பெரிய மனது பண்ணிய தோரணையில். மாமியார் இரண்டாவது கொடிக்கு மஞ்சள் வைத்துக் கும்பிட்டார். இல்லாத பேரனுக்காகக் கண்ணீர் விட்டவர், மடியில் கிடந்த பேத்தியைக் “கூடப்பொறந்ததத் தின்னுட்டு வந்தவ” என்று கொஞ்சினார். அதைக் கொஞ்சல் என்றே அவர் நினைத்தார். ஒவ்வொரு முறையும் தங்கை, “ஒண்ணுதானுங்க அத்தை இருந்துச்சு” என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைத் தொடர்வாள். ஒருமுறைகூட அவள் குரல் உயரவில்லை. ஒருமுறைகூட அதைச் சொல்லாமல் விட்டதுமில்லை.

மாமியார் கடைசிவரை தன் கணக்கை மாற்றிக்கொள்ளாமலே போய்ச் சேர்ந்தார். திருப்பூருக்கு வேலைக்குப் போன தங்கையின் கணவர் அங்கேயே தங்கிவிட்டார். அதற்கும் அவர் காரணம் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு கொடிகளும் இன்றும் காய்க்கின்றன. மிளகு பறிப்பவள் மகள்தான். அந்த வீட்டில் இப்போது என் தங்கையும் அவளும் இருக்கிறார்கள்.