பின்னணியில் நின்றுபோன பட்டியல்

ஒரு வேலையை ஓடவிட்டு நகர்ந்த பிறகு, அது ஓடிக்கொண்டுதான் இருக்கிறதா என்று எத்தனை நேரத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும்? அன்றும் எனக்குத் தெரியவில்லை. மகளுக்கு நடை வந்து, பேச்சும் வந்துவிட்ட இன்றும் தெரியவில்லை.

கொல்லிமலையில், ஊர் ஊராகக் குழந்தைகளை எடைபோடும் ஒரு சிறிய அலுவலகத்தில் அப்போது எனக்குக் கணினி வேலை. லினக்ஸ் போட்ட பழைய கணினி. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. பதிவேட்டில் இருக்கும் எடைகளை மாதாமாதம் ஏற்றி ஒரு நிரலை ஓட்டுவேன். எடை ஏறாத குழந்தைகளின் பெயரை அது ஊர்வாரியாகப் பட்டியல் போடும். நர்ஸ் அக்கா அந்தப் பட்டியலோடு ஜீப்பில் போய், அதில் உள்ள குழந்தைகளை மட்டும் கூப்பிட்டுப் பார்ப்பார். ஓர் ஊருக்கு மாதத்தில் ஒரு நாள்தான். பெயர் விட்டுப்போனால் அந்தக் குழந்தை இன்னொரு மாதம் காத்திருக்க வேண்டும்.

நிரல் முடிய இரண்டு மணி நேரம் ஆகும். என் மகளுக்கு அப்போது ஒன்பது மாதம். பக்கத்து வீட்டு அக்காவிடம் விட்டிருந்தேன். மதியம் பத்து நிமிடம் நடந்து போய்ப் பால் கொடுத்துவிட்டு வர வேண்டும். அதனால் கட்டளையின் கடைசியில் '&' குறியைப் போட்டு, நிரலைப் பின்னணியில் ஓடவிடக் கற்றுக்கொண்டிருந்தேன். திரை ஓர் எண்ணைக் காட்டும். அந்த எண் தெரிந்தால் போதும், வேலை தொடங்கிவிட்டது என்று நம்பிக் கிளம்பிவிடுவேன்.

அன்று மூன்று மணிக்கு அரியூர் நாட்டுப் பகுதியில் ஓர் ஊருக்கு ஜீப் போக வேண்டும். பன்னிரண்டு மணிக்கு நிரலை ஓடவிட்டேன். எண் வந்தது. நடந்தேன். மகள் பால் குடித்தபடியே தூங்கிப்போனாள். எழுந்தால் விழித்துக்கொள்வாள் என்று அப்படியே உட்கார்ந்திருந்தேன். அங்கே வேலை ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்பும்போது இரண்டேகால். விசைப்பலகையில் எண்டரைத் தட்டியதும் வந்த வரி, வேலை நின்றுபோயிருக்கிறது என்றது. போன மாதப் பட்டியலை நான் அழிக்க மறந்திருந்தேன். 'பழைய கோப்பின் மேலேயே எழுதட்டுமா?' என்று நிரல் கேட்க வேண்டியிருந்தது. பின்னணியில் இருக்கும் வேலைக்கு விசைப்பலகையிலிருந்து பதில் வாங்க முடியாது. கேள்வி வந்தால் அப்படியே நின்றுவிடும். நான் வாசலைத் தாண்டிய நிமிடமே அது நின்றிருக்க வேண்டும்.

அதை முன்னால் இழுத்து, ஆம் என்று பதில் சொல்லி, மறுபடி பின்னால் அனுப்பினேன். மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜீப் வந்தது.

"ஏனுங்க, லிஸ்ட்டு ஆச்சுங்களா?" டிரைவர் அண்ணன் வண்டியில் இருந்தபடியே கேட்டார். "பனி எறங்கிருச்சுன்னா அந்த வளைவுல ஓட்ட முடியாதுங்க."

"இன்னுங் கொஞ்ச நேரமுங்க."

"கரண்டு போயிருச்சுங்களா?"

ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டேன்.

நர்ஸ் அக்கா உள்ளே வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார். "கண்ணு, வந்த வரைக்கும் குடு சாமி. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

நிறுத்துவதற்கு இரண்டு வழி இருந்தது. 'கில்' என்று மட்டும் கொடுத்தால், முடித்துக்கொள் என்று சொல்வது போல. நிரல் அதுவரை கண்டெடுத்த பெயர்களை எழுதி வைத்துவிட்டு நிற்கும். ஒன்பதைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த நொடியே சாகும், எதையும் எழுதாது. ஒன்பது இல்லாமல்தான் கொடுத்தேன். உடனே நிற்கவில்லை. வெளியே ஹாரன். ஒன்பதை அடித்துவிடலாமா என்று விரல் போனது; இழுத்துக்கொண்டேன். அரை நிமிடம் கழித்து நின்றது. அந்த ஊருக்கு ஆறு பெயர் வந்திருந்தது.

ஊர் முழுவதும் வந்துவிட்டதா, பாதியில் அறுந்ததா, எனக்குத் தெரியாது. அதையாவது சொல்லியிருக்க வேண்டும். தாளை நீட்டினேன், ஜீப் போய்விட்டது.

மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டு, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஐந்து மணிக்கு முழுப் பட்டியல் வந்தது. அந்த ஊருக்கு ஏழாவதாக ஒரு பெண் குழந்தை. மூன்று மாதமாக எடை ஏறவில்லை. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. மேசையில் இருந்த பதிவேட்டைப் புரட்டி அந்த ஓர் ஊரை மட்டும் கையால் எழுதியிருந்தால் இருபது நிமிடத்தில் முடிந்திருக்கும்.

மறுநாள் நர்ஸ் அக்காவிடம் உண்மையைச் சொன்னேன்.

"கரண்டு போகலைன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "உன் தலைக்கு மேல லைட்டு எரிஞ்சுக்கிட்டுத்தான இருந்துச்சு. சரி, அந்தப் புள்ளைய அடுத்த மாசம் பாத்துக்கலாம்."

என்னால் அடுத்த மாதம் வரை பொறுக்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி அந்த ஊருக்குப் போனேன். வீட்டைக் கண்டுபிடித்து, குச்சிக்கிழங்கை, அதாவது மரவள்ளியை, தோலுரித்துக்கொண்டிருந்த அந்தக் குழந்தையின் அம்மாவிடம், பட்டியலில் பெயர் விட்டுப்போனது என் தவறு என்றேன்.

"அதுக்கா கைக்கொழந்தையத் தூக்கிட்டு இத்தன தூரம் வந்தீங்க? பஸ்சுல யார்கிட்டயாவது சொல்லி உட்டிருந்தா நானே வந்திருப்பனுங்களே." பிறகு என் மகளின் காலைப் பிடித்துப் பார்த்தார். "ஏனுங்க, எம் புள்ளைக்கு எடை ஏறலைன்னு சொல்ல வந்தீங்க. உங்க புள்ளையப் பாத்தீங்களா? எளைச்சாப்ல இருக்குதே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

திங்கட்கிழமை அவர் தன் குழந்தையோடு வந்தார். நர்ஸ் அக்கா பார்த்து டாக்டரிடம் அனுப்பினார். அடுத்தடுத்த மாதங்களில் எடை மெல்ல ஏறியது. அந்தத் திங்கட்கிழமை அவர்கள் போன பிறகு, யாரும் கவனிக்காத நேரத்தில், அன்று கூடவே தூக்கி வந்திருந்த என் மகளையும் அதே தராசில் வைத்துப் பார்த்தேன். போன மாதம் இருந்த எடையேதான். அவள் அழவில்லை, அடம்பிடிக்கவில்லை, பக்கத்து வீட்டு அக்காவும் குறை எதுவும் சொல்லவில்லை. அதனால் நன்றாக இருக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

நிரலைச் சரிசெய்துவிட்டேன். இப்போது அது எதையும் கேட்பதில்லை. கேட்காமலே பழைய கோப்பின் மேல் எழுதிவிடுகிறது. அது சரிதானா என்றும் சில நாள் தோன்றும். ஓடவிட்டால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 'ஜாப்ஸ்' என்று அடித்து, வேலை ஓடுகிறதா நின்றதா என்று பார்க்கிறேன். வீட்டில் மகள் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிறேன். "கொழந்தையத் தூங்க உடு" என்கிறார் கணவர். இரண்டு முறை அவளை நானே எழுப்பிவிட்டிருக்கிறேன்.

வேலைக்குப் போய்க்கொண்டே பிள்ளை வளர்த்தவர்கள் இதைப் படித்தால் எழுதுங்கள். நீங்கள் எத்தனை முறை திரும்பிப் பார்த்தீர்கள்? போதும், இனி பார்க்க வேண்டியதில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது?