தக்காளியைக் காட்டி வாங்கிய போன்

போன் கடைக்குள் போய் அழுகல் தக்காளியைப் படம் பிடித்துப் பார்த்தவள் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சித்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பழைய போன்களை வாங்கி விற்கிற சின்னக் கடை அது. கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். என் முன்னால் இரண்டு போன்களை வைத்துவிட்டு, நான் எதை எடுப்பேன் என்று அரை மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று பெட்டி பிரிக்காத புது போன், நடுத்தர ரகம். இன்னொன்று நாலு வருடத்துக்கு முன்னால் வசதியானவர்கள் மட்டும் வைத்திருந்த உயர்ந்த ரகம். யாரோ ஆண்டு அனுபவித்துவிட்டு விற்றது, இப்போது கிட்டத்தட்ட அந்தப் புதியதன் விலைக்கு இறங்கி வந்திருந்தது.

எனக்காக என்றால் இரண்டையுமே வாங்கியிருக்க மாட்டேன். துடைப்பம் வாங்கக்கூட மூன்று கடை ஏறி இறங்குகிற ஆள் நான். போன் வேண்டியிருந்தது என் நைனாவின் காலுக்காக.

நைனாவும் அம்மாவும் சாந்திபுரத்தை ஒட்டிய கிராமத்தில் இருக்கிறார்கள். நான் திருச்சானூரில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் வேலை செய்கிறேன். நைனா முக்கால்வாசி வாழ்க்கையை ஊரார் நிலத்தில் கூலி வேலை செய்தே கழித்தவர். எங்களுக்கென்று ஒரு ஏக்கர் வந்ததே அவர் காலத்தில்தான். அதில் தக்காளி வைப்பார். அந்த ஒரு ஏக்கரைக் காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று நடந்து பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. போன வருடம், செடிக்கு ஊன்றுகிற குச்சியின் சிலாம்பு ஒன்று வலது காலில் சுண்டு விரலுக்குக் கீழே ஏறிவிட்டது. அவருக்குச் சர்க்கரை உண்டு. பாதம் மரத்துப்போயிருந்ததால் வலி தெரியவில்லை. வலி இல்லை என்பதால் எங்களிடம் சொல்லவும் இல்லை. செருப்பில் ஈரம் பட்டிருப்பதை அம்மா பார்த்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

திருப்பதியில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். புண்ணைச் சுத்தம் செய்து கட்டினார். அவருக்குத் தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது பாதி தெலுங்கு கலந்துவிடும். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சீழ் எலும்புவரை போனால் காலையே எடுக்க வேண்டி வரும் என்றார். திருப்பதியிலேயே கொஞ்ச நாள் தங்கச் சொன்னார். நைனா ஒரே பிடியாக மாட்டேன் என்றுவிட்டார். காய் பழுக்கிற நேரம். கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். தினமும் அம்மா கட்டை மாற்ற வேண்டும், மாற்றும்போது புண்ணைப் படம் பிடித்து டாக்டரம்மாவுக்கு அனுப்ப வேண்டும்.

அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. அம்மாவிடம் இருந்தது விலை மலிவான போன். எதைக் காட்டினாலும் அழகாக்கிக் கொடுப்பது அதன் குணம். மனிதர்களைக் காட்டினால் பவுடர் பூசிவிடும். நைனாவின் பாதத்தைக் காட்டினால், வெடிப்பும் காய்ப்பும் இல்லாமல், நலங்கு வைக்கக் காத்திருக்கிற கல்யாணப் பெண்ணின் பாதம்போல வந்தது. அந்த அழகுபடுத்துகிற வசதியை நான் அணைத்துப் பார்த்தேன். அணைத்த பிறகும் எல்லாம் மெழுகினாற்போலத்தான் இருந்தது. மூன்றாம் நாள் டாக்டரம்மா போன் செய்தார்.

“ஏம்மா, இது காலா, சோப்பு விளம்பரமா? எனக்கு அழகு வத்தம்மா, வேணாம். நிஜம் வேணும்.”

அன்றிலிருந்து ஒரு வாரம் போன் பற்றிய வீடியோக்களைப் பார்த்தே கண் பூத்துப்போனது. பழைய உயர்ரக போனை இப்போது வாங்கலாமா என்று கேட்டால் ஒருவர் தாராளமாக வாங்கு என்கிறார், அடுத்தவர் தலையில் அடித்துக்கொள்கிறார். பேட்டரி தளர்ந்திருக்கும், கம்பெனி அப்டேட் கொடுப்பதை நிறுத்திவிடும், திரை உடைந்தால் சாமான் கிடைக்காது. லாட்ஜில் கேட்டால் மேனேஜர் முதல் அறை துடைக்கிற அக்கா வரை எல்லோரும் புதுசே வாங்கு என்றார்கள். விளையாட்டு ஓடுமா, கல்யாண வீட்டில் படம் நன்றாக விழுமா என்றுதான் எல்லோருக்கும் கவலை. டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு புண்ணை உள்ளபடி காட்டுமா என்று சொல்ல ஒருவரும் இல்லை. எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்த எரிச்சலோடுதான் சித்தூரில் இறங்கினேன். ஊருக்குப் போகிற வழியில் அந்தக் கடை இருக்கிறது. இரண்டு போனையும் கையில் வைத்துக்கொண்டு குழம்பிக்கொண்டிருந்தபோது, வாசலில் தள்ளுவண்டியில் தக்காளி விற்றுக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சட்டென்று எனக்குத் தெரிந்த பாடம் ஞாபகம் வந்தது. நான் தக்காளி வீட்டுப் பெண். காம்புக்குப் பக்கத்தில் கடுகளவு கறுப்பு, அதைச் சுற்றி நீர் கோத்த மெல்லிய வளையம், அது இருந்தால் பழம் நாளைக்கு அழுகும். அப்படி ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

கடைக்காரர் என்னையும் தக்காளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இன்னாம்மா, போன் வாங்க வந்தியா, ரசம் வெக்க வந்தியா?”

“கொஞ்சம் இருங்கண்ணா” என்று சொல்லிவிட்டு, கடையின் இருட்டு மூலையில் தக்காளியை வைத்து, இரண்டு போனிலும் படம் எடுத்தேன். புது போனில் தக்காளி ஜொலித்தது, கறுப்புப் புள்ளி தேடினால்தான் தெரிந்தது. பழைய போனில் வளையம் அப்படியே இருந்தது. நீர் கோத்த தோலின் சுருக்கம்கூடத் தெரிந்தது. ஒரு வாரமாக என்னை அலைக்கழித்த கேள்விக்கு அரை நிமிடத்தில் பதில் கிடைத்துவிட்டது.

எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அதன் பிறகு அவர் கிண்டல் செய்யவில்லை. பழைய போனை வாங்கி, திறந்து, பேட்டரி எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று காட்டினார்.

“சாயந்தரம் வரைக்கும் தாங்காதும்மா. மதியானமே ஒரு தபா சார்ஜு போடணும். அப்டேட்டும் இனிமே வராது. இப்பவே சொல்லிட்டன், அப்பால வந்து என்ன திட்டாத. ஆனா கேமரா மட்டும் அடிச்சிக்க ஆளு இல்ல.”

குறையை முதலில் சொல்லி விற்கிற வியாபாரியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவருக்கு அப்போதே ஒரு கும்பிடு போட்டிருக்க வேண்டும். தக்காளியை மேசையிலேயே மறந்துவிட்டு பஸ் ஏறினேன்.

அம்மாவுக்கு அரை நாள் சொல்லிக்கொடுத்தேன். பாதத்தை வெள்ளைத் துண்டின்மேல் வைக்க வேண்டும், ஒரு முழம் தள்ளிப் பிடிக்க வேண்டும், மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டும். முதல் நான்கு நாள் வந்த படங்கள் அவ்வளவு நிஜமாக இருந்தன, பார்த்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. டாக்டரம்மா “இப்ப தெரியுது” என்று இரண்டே வார்த்தை அனுப்பினார். நான் ஏதோ பரீட்சையில் பாஸ் ஆனது மாதிரி லாட்ஜில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் வெள்ளிக்கிழமை. சாயங்காலம் படம் வந்த கொஞ்ச நேரத்தில் டாக்டரம்மா கூப்பிட்டார். குரலே மாறியிருந்தது. புண்ணைச் சுற்றி விரல் வரைக்கும் சிவப்பு ஏறியிருக்கிறது, நாளைக் காலையிலேயே ஆள் இங்கே இருக்க வேண்டும் என்றார். படத்தைப் பார்த்தேன். சுண்டு விரல் பக்கம் முழுக்கச் செந்நிறமாகப் பரவியிருந்தது.

வீட்டுக்குப் போன் செய்தால் அம்மா, “எனக்கு ஒண்ணும் அப்டி தெர்லியே, நேத்து மாதிரிதான கீது” என்றாள். நைனா போனை வாங்கினார்.

“நாளைக்கு பறிப்பு கீதும்மா. ஆளுங்களுக்குச் சொல்லி வெச்சிட்டன். திங்கக்கெழம வர்றனே.”

எனக்கு வந்த கோபத்தில் சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டேன். “ஒத்தக் கால வெச்சிக்கினு எப்படிப் பறிப்ப? நொண்டிக்கினே போவியா?” பறிப்பு ஆட்களை வர வேண்டாம் என்று சொல்லிவிடும்படி அவர் அம்மாவிடம் சொல்வது கேட்டது. பிறகு, “சரி, மொத பஸ்ல வர்றன்” என்றார். நான் சொன்ன அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அவர் வந்திருக்க மாட்டார்.

மறுநாள் டாக்டரம்மா கட்டைப் பிரித்தார். குனிந்து பார்த்தார், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சிவப்பு எதுவும் இல்லை. புண்ணைச் சுற்றித் தோல் அதன் சொந்த நிறத்தில்தான் இருந்தது. அம்மாவிடம் போனை வாங்கித் திருப்பினார்.

எங்கள் வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் வெள்ளிக்கிழமை அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைக்காமல் அம்மாவுக்கு ஓடாது. தண்ணீர் மோட்டார், மருந்து தெளிக்கிற மெஷின், மிக்ஸி எதுவும் தப்பியதில்லை. மோட்டாருக்கு நெற்றி எது என்று கேட்டால் யோசிக்காமல் காட்டுவாள். போனுக்கும் ஒரு நெற்றியைக் கண்டுபிடித்திருக்கிறாள்.

“மூணு கண்ணு கீதே, அப்ப அதான மூஞ்சி? கண்ணுக்கு மேல சின்னதா வெச்சன்” என்றாள் அம்மா.

ஈரச் சந்தனமும் குங்குமமும் கேமராக் கண்ணாடியின் ஓரத்துக்கு வழிந்து, படத்தில் சிவப்பாக விழும்படி காய்ந்திருந்தது. டாக்டரம்மா பஞ்சால் துடைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். நைனா என்னைப் பார்த்தார். பறிப்பை விட்டுவிட்டு வந்த மனிதர் பார்க்கிற பார்வை அது. நான் அந்தக் கோபத்தை அப்படியே அம்மாமேல் திருப்பி ஒரு முறை முறைத்தேன். அம்மா முந்தானையால் போனைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“பர்வாலேது, எப்படியோ வந்துட்டீங்கல்ல. ஒரு தடவ அழுத்திப் பாத்துர்றேன்” என்று சொல்லி, டாக்டரம்மா சுண்டு விரலின் அடியில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். நைனாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு விரல்களுக்கு நடுவிலிருந்து சீழ் வந்தது. டாக்டரம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

மேலே ஆறிக்கொண்டு வந்த புண், உள்ளே வழி பண்ணிக்கொண்டு போயிருக்கிறது. அதைக் காட்ட எந்தக் கேமராவாலும் முடியாது. திங்கட்கிழமை வரை விட்டிருந்தால் பாதத்துக்குள் இறங்கியிருக்கும், அப்புறம் என் கையில் இல்லை என்றார் டாக்டரம்மா. அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சுண்டு விரல் போனது. கால் மிஞ்சியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முறைத்ததற்காக அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். குங்குமம் வைத்தது தாயார் என்றாள் அவள். திருச்சானூர் அம்மனைத்தான் சொன்னாள். எனக்குத் தெரியாது. அந்த போன் எங்களுக்கு அனுப்பிய ஒரே தப்பான படம் அதுதான். அதற்கு முன்பும் பிறகும் அது காட்டியதெல்லாம் உண்மை. விரல் எடுத்த இடம் ஆறி மூடும்வரை தினமும் ஒரு படம் போனது, தையலின் ஒவ்வொரு முடிச்சும் தெரிந்தது, வீண் பயணம் ஒன்றுகூட இல்லை. மதியம் சார்ஜ் போட வேண்டியிருக்கிறது, வெயிலில் அடுப்புபோலச் சுடுகிறது. அதனால் என்ன? பழைய உயர்ரக போன் வாங்கலாமா என்று இப்போது யாராவது என்னிடம் கேட்டால், எதற்கு என்று முதலில் கேட்கிறேன். பாதிப் பேருக்கு அதற்குப் பதில் தெரியாது.

இந்த வருடம் முதல் பறிப்பு முடிந்ததும் நைனாவே ஒரு பை தக்காளியோடு கிளம்பினார். அந்தக் கடைக்காரரைப் பார்க்க வேண்டுமாம். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, பையை நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினால் தரவில்லை. கூட்டத்தில் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தார். எனக்குத்தான் மூச்சு வாங்கியது, சந்தோஷத்தில் பாதி.

கடைக்காரர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். கதை முழுவதையும் கேட்டுவிட்டு நைனாவின் காலைப் பார்த்தார். பிறகு தொழில் விட்டுப்போகுமா, “அப்டேட்டு நின்னுபோச்சே, குட்துட்டு வேற எட்த்துக்கிறியாம்மா?” என்றார்.

“அது வூட்லயே இருக்கட்டும்பா” என்றார் நைனா.

கடைக்காரர் பையைப் பிரித்து ஒரு தக்காளியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். அன்று நான் செய்தது மாதிரியே, காம்புக்குப் பக்கத்தில் உற்றுப் பார்த்தார். “பெரியவரே, இதுல ஒரு கறுப்பு கீதே” என்று சிரித்தார்.

நைனா அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“அந்த எடத்த மட்டும் அறுத்துப் போட்டுட்டு மீதிய துன்னுப்பா. ஒண்ணும் ஆவாது” என்றார்.