ரூபாய் விழாத போன்

சாயங்கால ரயில் மொரப்பூருக்கு வந்த சற்று நேரத்தில் எங்கள் வீட்டு போன் மணி அடிக்கும். அம்மா எடுத்து, "ஹலோ, யாருங்க?" என்பார். பதில் வராது. இன்னொரு ஹலோவுக்குப் பிறகு இணைப்பு அறுந்துவிடும்.

ஒருநாள் சித்தப்பா, போனில் தெரிந்த எண்ணுக்குத் திரும்ப அடித்தார். எடுத்தவர் டீ விற்பவர். "இது ஸ்டேஷன் காயின் பாக்சுங்க. ஊருல இருக்கறவனெல்லாம் பேசறான், யாருன்னு சொல்றது?" என்றார்.

சித்தப்பாவுக்கு அது போதும். அக்கா அதே ரயிலில்தான் சேலத்துக் கல்லூரிக்குப் போய் வந்தாள். ரயிலையும் போனையும் சேர்த்து அவர் ஒரு பையனை உண்டாக்கினார். சில நாட்களில் அவனுக்கு மீசையும் பைக்கும் வந்துவிட்டன.

"நான் வூடு வந்து சேர்றதுக்கு முந்தியே எனக்குப் போன் போடறவன் பைத்தியமாத்தான் இருக்கணும் சித்தப்பா" என்றாள் அக்கா.

"வாயப் பாருங்கண்ணா. காலேஜி போனது போதும், நிறுத்துங்க."

நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்வதாக அப்பா சொன்னார். அக்கா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் அப்பா என்னை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். சிறு பெண்ணோடு நிற்பவரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பார்சல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்றோம். ரயிலில் இறங்கிய மில் ஆட்கள் தூணில் இருந்த சிவப்புப் பெட்டிமுன் வரிசை கட்டினார்கள். மறுமுனையில் குரல் கேட்ட பிறகுதான் ஒரு ரூபாயைப் போட வேண்டும். அதுவரை போனை எடுத்தவர் பேசுவது நமக்குக் கேட்கும்; நம் குரல் அங்கே போகாது. "வண்டிய எடுத்துட்டு வாடா", "சோறு ஆக்கிட்டயா" என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அக்கா அந்தப் பக்கம் திரும்பாமல் பஸ்ஸுக்குப் போனாள்.

வரிசையில் கடைசியாக அத்தை நின்றார். அப்பாவின் தங்கை. தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு போனவர். "இந்த வூட்டுல இருந்து ஒரு சொல்லு அவளுக்குப் போவக்கூடாது" என்று அப்பா உத்தரவு போட்டிருந்தார். நான் கூப்பிட வாய் திறந்தபோது அப்பாவின் கை என் தோளை அழுத்தியது.

அத்தை எண்ணை அழுத்தினார். ரூபாயைத் துளைக்கு அருகே பிடித்தபடி, தலை சாய்த்துக் கேட்டார். உதடு அசையவில்லை. பிறகு ரூபாயைப் பர்ஸில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

"லைன் கோளாறு" என்றார் அப்பா, வீட்டுக்கு வந்ததும். "புள்ள படிக்கட்டும்."

"அப்ப அந்தப் பையன்?" என்றார் சித்தப்பா.

"எந்தப் பையன்?"

மறுநாள் மணி அடித்ததும் அப்பாவே எடுத்தார். யாரென்று கேட்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு, "செவலை கன்னு போட்டிருக்குது. கெடேரி" என்று வேகமாகச் சொன்னார். இன்னொரு நாள், "பெரியவ பரிச்சையில பாஸு." பிறகொரு நாள், "கெணத்துல தண்ணி ஏறிருச்சு."

கோளாறைச் சரிபார்க்க டெலிபோன்காரர்கள் தினமும் ஏதாவது பேசச் சொல்கிறார்கள் என்று நான் நினைத்தேன். அப்பா வீட்டில் இல்லாத ஒரு மாலையில் நானே எடுத்து, மைக் டெஸ்ட் செய்பவர்போல ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக் காட்டினேன். டக்கென்று ஏதோ விழும் சத்தம் கேட்டது. ஒரு பெண் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்று இணைப்பும் அறுந்தது.

அப்பா வந்ததும், லைன் சரியாகிவிட்டது என்று சொன்னேன்.